சுங்குடி மானின் கோவைப்பழக் காயம்

காட்டுப்பன்றி மூக்கால் சேற்றைக் கிளறிப் போட்டது. குரங்குகள் அதைத் தேக்கிலையில் அள்ளின. மான்களும் மிளாக்களும் முதுகில் சுமந்து கரையேற்றின. நாரை மட்டும் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு கத்தியது.

"வேகம், வேகம்! மேகம் உங்களுக்காகக் காத்திருக்காது!"

அல்லிக்குளத்தில் குடிமராமத்து நடந்துகொண்டிருந்தது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து குளத்தைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்த வேண்டும். வீட்டுக்கு ஒருவர் வேலைக்கு வந்தே ஆக வேண்டும். வராத வீட்டுக்கு அந்த வருஷம் குளத்தில் தண்ணீர் கிடையாது. அதுதான் அந்தக் காட்டின் வழக்கம்.

நாரைதான் மேஸ்திரி. மேஸ்திரி என்றால் மண் சுமக்க வேண்டியதில்லை, நின்று பார்த்தால் போதும். அல்லிக்குளத்து நாரை இந்த வேலைக்கென்றே பிறந்தது போலிருக்கும். வலது காலை மடக்கி வயிற்றுக்குள் செருகிக்கொண்டு, காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை இடது காலிலேயே நிற்கும். வாய் மட்டும் ஓயாது.

அதனிடம் ஒரு சட்டம் இருந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று யார் வந்தாலும், "காயத்தைக் காட்டு!" என்று கேட்கும். முள் குத்திய பாதமோ, கிழிந்த காதோ, உடைந்த கொம்போ இருந்தால் விடுப்பு. காட்ட ஒன்றும் இல்லையா? "போ, போய் மண்ணைத் தூக்கு!"

இந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது சுங்குடி.

சுங்குடி ஒரு புள்ளிமான். சுங்குடிச் சேலையைப் போர்த்தியது போல உடம்பெல்லாம் புள்ளி. அதனால்தான் அந்தப் பெயர். அந்தக் காட்டில் அதைவிட அழகான மான் கிடையாது. தோல் பளபளவென்று மின்னும். கண் இரண்டும் மை தீட்டியது போல இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும், "உனக்கென்னம்மா, ராஜகுமாரி மாதிரி இருக்கே!" என்பார்கள். அந்தப் பேச்சுதான் அதற்கு வினையாகப் போயிற்று.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் சுங்குடிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது. ஆனால் போகும்போது எதையோ உள்ளேயே விட்டுவிட்டுப் போயிற்று. அன்றிலிருந்து மூட்டுக்கு மூட்டு எரிச்சல். எலும்புக்குள் ஈரமண்ணை அடைத்தது போல ஒரு கனம். வெளியே ஒரு கீறல் இல்லை, ஒரு வீக்கம் இல்லை.

தினமும் காலையில் கண் விழித்ததும் சுங்குடி தன் கால்களைப் பார்த்துக் கேட்கும். "இன்னைக்கு யார் ராஜ்யம்? என் ராஜ்யமா, உங்க ராஜ்யமா?"

சுங்குடி ராஜ்யம் என்றால் கொண்டாட்டம்தான். துள்ளும், குதிக்கும், புதரைத் தாண்டும். கால் ராஜ்யம் என்றால் எழுந்து நிற்பதே ஒரு வேலை. அன்றைக்குக் குளத்துக்குப் போனால் மேய்ச்சலுக்குப் போக முடியாது. மேய்ச்சலுக்குப் போனால் குளத்துக்குப் போக முடியாது. எது வேண்டும் என்று யோசித்து, ஒன்றை எடுத்து, மற்றதை விட்டுவிட்டு, மிச்சப் பொழுதுக்குப் படுத்துக்கொள்ளும். சுங்குடி அழுமூஞ்சி இல்லை. படுத்தபடியே வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

"தேன் சாப்பிடு! எல்லாம் சரியாப் போயிடும்!" என்றது கரடி.

"தலைகீழாத் தொங்கிப் பாரு! ரத்தம் ஓடும்!" என்றது குரங்கு.

"நீ ரொம்ப யோசிக்கிறே. யோசனையை விடு!" என்றது யோசனையே இல்லாத காட்டுப்பன்றி.

சுங்குடி தேன் சாப்பிட்டது. தலைகீழாகத் தொங்க முயன்று புதருக்குள் விழுந்தது. யோசிக்காமலும் இருந்து பார்த்தது. கால் மட்டும் கேட்கவில்லை.

குடிமராமத்தின் முதல் நாள் சுங்குடி ராஜ்யமாக அமைந்துவிட்டது. பத்து நடை மண் சுமந்து எல்லோரையும் அசத்தியது. மறுநாள் அதற்கும் சேர்த்துக் கால்கள் பழிவாங்கின. சுங்குடி எப்படியோ குளக்கரை வரை வந்து, நாவல் மரத்தடியில் கரைமேல் படுத்துவிட்டது.

நாரை விறுவிறுவென்று பறந்து வந்து எதிரே இறங்கியது.

"என்ன, படுத்துட்டே?"

"காலெல்லாம் வலிக்குது மேஸ்திரி. எழுந்திருக்க முடியலை."

"காயத்தைக் காட்டு!"

"காயம் எதுவும் இல்லை மேஸ்திரி. உள்ளே வலிக்குது."

"நேத்து பத்து நடை போனியே! அப்ப வலிக்கலையா?"

"நேத்து போனதாலதான் இன்னைக்கு வலிக்குது."

நாரை சிரித்தது. பக்கத்தில் மண் சுமந்துகொண்டிருந்த மிளாவும் சிரித்தது. "எங்களுக்குந்தான் வலிக்குது! நாங்க என்ன படுத்தா கிடக்கோம்?"

சுங்குடி எழுந்தது. அன்றைக்கு இரண்டு நடை போயிற்று. மூன்றாவது நடையில் முழங்கால் மடங்கிவிட்டது. மறுபடி நாவல் மரத்தடிக்கே வந்து படுத்தது.

அதற்கப்புறம் யார் கேட்டாலும் சுங்குடி உண்மையைச் சொல்லவில்லை. "என்ன, படுத்திருக்கே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லை, சும்மாதான்" என்று சொல்லிவிடும்.

அந்தச் 'சும்மா'தான் காடு முழுக்கப் பரவியது. "எல்லாரும் சாகுறோம், அவ சும்மா படுத்திருக்கா! கேட்டா அவளே சும்மாதான்னு சொல்றா!"

சுங்குடி சும்மா படுத்திருந்ததில் ஒன்று நடந்தது. காது தரையில் பட்டிருந்ததால், கரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. குடுகுடு, குடுகுடு என்று யாரோ உள்ளே முணுமுணுப்பது போலிருந்தது. சுங்குடி நாரையைக் கூப்பிட்டுச் சொன்னது.

"மேஸ்திரி, கரைக்குள்ளே தண்ணி ஓடுற மாதிரி கேட்குது. குளத்துத் தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமா இறங்குதே!"

"அது வெயில் குடிக்குது! படுத்தே கிடந்தா இப்படித்தான் கனவு வரும். போ, போய் மண்ணைத் தூக்கு!"

அன்று சாயங்காலம் கீரிப்பிள்ளை சுங்குடியைத் தேடி வந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் புதர்க்காரர்கள்.

"அக்கா, சமாசாரம் தெரியுமா? நாளைக்கும் நீ மண் சுமக்கலைன்னா உன் வீட்டுக்குத் தண்ணி கிடையாதாம். மேஸ்திரி சொல்லுது!"

சுங்குடி கணக்குப் போட்டுப் பார்த்தது. குளம் இல்லையென்றால் ஆறுதான். ஆறு இரண்டு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கால் ராஜ்ய நாளில் குளத்துக்கு வருவதே பெரும்பாடு. இரண்டு மலை ஏறி எப்படிப் போவது? வீட்டில் தனி ஆள், மண் சுமக்கப் பதிலுக்கு அனுப்பவும் யாரும் இல்லை.

"அவங்களுக்குக் காயம்தானே வேணும்?" என்றது கீரிப்பிள்ளை. "காயம் இல்லைன்னா, பண்ணிட்டாப் போச்சு!"

புதரில் கோவைக்கொடி பழுத்துத் தொங்கியது. கீரிப்பிள்ளை நாலு பழத்தைப் பறித்துக் கசக்கிச் சுங்குடியின் இடது முன்னங்காலில் பூசியது. மேலே ஒரு வெற்றிலைக்கொடியைச் சுற்றிக் கட்டியது. தள்ளி நின்று பார்த்து, "அடேயப்பா! எனக்கே மயக்கம் வருதே!" என்று தன்னையே மெச்சிக்கொண்டது.

மறுநாள் சுங்குடி குளக்கரைக்கு வந்ததுதான் தாமதம், காடே பதறிப்போயிற்று.

"ஐயையோ, என்னம்மா ஆச்சு!" என்று காட்டுப்பன்றி ஓடி வந்தது.

"நகருங்க, நகருங்க! காத்து வரட்டும்!" என்றது நாரை. "நீ படுத்துக்கோம்மா. இந்தக் காலோட ஏன் நடந்து வந்தே?"

மிளா இளம்புல் கொண்டுவந்து வாயில் ஊட்டியது. குரங்கு தேக்கிலையில் தண்ணீர் ஏந்தி வந்தது. கரடி தேனடையையே கொண்டுவந்து வைத்துவிட்டது.

புல் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சுங்குடி அதை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தது. இரண்டு மழைக்காலமாக வலி உண்மையாக இருந்தது, ஒரு வாய் புல் வரவில்லை. கோவைப்பழத்துக்கு இத்தனை உபசாரமா என்று நினைத்தபோது அதற்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அடுத்த நாள் காலையில் சாயம் வெளுத்திருந்தது. கீரிப்பிள்ளை அவசர அவசரமாக மறுபடி பூசியது. அவசரத்தில் கால் மாறிப்போயிற்று!

காட்டுப்பன்றி மூக்கைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது. "நேத்து இடது கால்தானே?"

"இது இடம் மாறுற புண்ணு அண்ணே!" என்றது கீரிப்பிள்ளை சட்டென்று. "ரொம்பப் பொல்லாதது!"

காட்டுப்பன்றி பயந்துபோய் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கொண்டைக்குருவி ஒன்று பறந்து வந்தது. கோவைப்பழம் என்றால் அதற்கு உயிர். சுங்குடியின் காலில் உட்கார்ந்து ஒரு கொத்து கொத்தியது. இன்னொரு கொத்து கொத்தியது.

"அட! இந்த மானுக்கு ரத்தம் இனிக்குதே!" என்று கீச்சிட்டது. "கோவைப்பழம்! கோவைப்பழம்! எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்க!"

இருபது கொண்டைக்குருவிகள் வந்து சேர்ந்தன. கண்மூடித் திறப்பதற்குள் காயம் காணாமல் போயிற்று.

அன்று உச்சிவெயிலில் நாவல் மரத்தடியில் பஞ்சாயத்து கூடியது. வானத்தின் மேற்கு மூலையில் கருமேகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"ஏமாத்துக்காரி!" என்று கத்தியது நாரை. "பொய்க் காயத்தைக் காட்டி ஊரையே முட்டாளாக்கிட்டா! இதுக்கு என்ன சொல்றே?"

"நான்தான் பூசினேன்..." என்று கீரிப்பிள்ளை முனகியது. சுங்குடி அதைத் தடுத்தது.

"பூசினது கீரி, காட்டினது நான். காயம் பொய்தான் மேஸ்திரி. வலி பொய்யில்லை. உண்மையைச் சொன்னேன், மண்ணைத் தூக்குன்னீங்க. பொய்யைப் பூசிட்டு வந்தேன், புல்லைக் கொண்டுவந்து ஊட்டினீங்க. இதுல நான் என்ன கத்துக்கிறது, நீங்களே சொல்லுங்க!"

மிளா தலையைக் குனிந்துகொண்டது.

நாரை விடவில்லை. "ஏன் படுத்திருக்கேன்னு கேட்டதுக்குச் சும்மாதான்னு உன் வாயாலேயே சொன்னியே!"

"சொன்னேன். தினமும் வலி, தினமும் வலின்னு சொன்னா, கேட்கிறவங்க முகம் ஒரு மாதிரி போகுது. அதைப் பார்க்கிறதைவிடச் சும்மான்னு சொல்றது சுலபமா இருந்தது."

நாரை தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"சட்டம் சட்டம்தான்! நாளையிலேர்ந்து உனக்கு இந்தக் குளத்துல தண்ணி கிடையாது. ஆத்துக்குப் போயிக்கோ!"

சுங்குடி நிமிர்ந்து நின்றது.

"சரி, போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நீங்க நிக்கிற இந்தக் கரைக்கும் உடம்பு சரியில்லை. உள்ளே நோவு இருக்கு. மழை வந்தா தாங்காது."

"கரைக்கு உடம்பு சரியில்லையா!" நாரை விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு இறக்கையை மடக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டி, கரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. "எங்கே விரிசல்? எங்கே ஓட்டை? காயத்தைக் காட்டு! பார்க்க எவ்வளவு ஜோரா இருக்கு!"

"என்னைப் பார்த்தும் இதையேதான் சொன்னீங்க மேஸ்திரி."

நாரைக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்தக் கரை கல்லு! கல்லு தெரியுமா!" என்று துள்ளி எழும்பி, இடது காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தது.

பொதக்!

கால் தொடை வரை உள்ளே போயிற்று. அடியில் தண்ணீர் குடுகுடுவென்று ஓடுகிற சத்தம் இப்போது எல்லோருக்கும் கேட்டது. நாரை தடுமாறி, விழாமல் இருக்க வலது காலை ஊன்றியது. அடுத்த நொடி காடே அதிர ஒரு அலறல்!

"ஐயோ! என் முட்டி! என் முட்டி!"

காட்டுப்பன்றி பாய்ந்து வந்து நாரையின் இடது காலைத் தோண்டி எடுத்துவிட்டது. பிறகு வலது காலை மோந்து மோந்து பார்த்தது. "காயம் ஒண்ணும் இல்லையே மேஸ்திரி!"

"பார்க்க ஜோராத்தான் இருக்கு!" என்றது கீரிப்பிள்ளை.

"காலெல்லாம் நல்லா இருக்கு, மேஸ்திரி நடிக்குது!" என்று எங்கோ கிளையிலிருந்து குரங்கு சிரித்தது.

நாரையின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதன் பக்கத்தில் வந்து நின்றது சுங்குடி மட்டும்தான்.

"காலையில எழுந்திருக்கும்போது ரொம்ப வலிக்குமா?" என்று மெதுவாகக் கேட்டது.

நாரை அப்படியே திகைத்துப்போயிற்று. இந்தக் கேள்வியை அதனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஆமா," என்றது. "குளிர்ல இன்னும் அதிகம்."

"எத்தனை நாளா?"

"ஏழு மழையா. நாரைன்னா ஒத்தைக்கால்லதான் நிக்கும்னு எல்லாரும் விட்டுட்டாங்க. எப்பவும் வலது காலையே தூக்குறேனேன்னு ஒருத்தரும் கவனிக்கலை."

"ஏன் மேஸ்திரி, சொல்லியிருக்கலாமே!" என்றது காட்டுப்பன்றி.

"எப்படிச் சொல்றது? காயத்தைக் காட்டுன்னு கேட்பாங்களே!"

"அப்படிக் கேட்கிறதே நீங்கதானே!" என்றது கீரிப்பிள்ளை.

முதலில் மிளா சிரித்தது. அப்புறம் கரடி, அப்புறம் குருவிகள். கடைசியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நாரையே சிரித்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டுச் சுங்குடியைப் பார்த்தது.

"என் வலியை நான் காட்டாமலே நம்பிட்டே. உன் வலியை நீ சொல்லியும் நான் நம்பலை. தப்பு என்மேலதாம்மா."

அதற்குள் மேற்கே இடி உறுமியது. சுங்குடி கரைமேல் படுத்துக் காதைத் தரையில் வைத்தது.

"இங்கே தோண்டுங்க! இல்லை, இன்னும் கொஞ்சம் நாவல் மரத்துப் பக்கம்! ஆங், அங்கேதான்!"

காட்டுப்பன்றி தோண்டியது. ஒரு முழ ஆழத்தில் நண்டுகள் குடைந்த வளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வாய்க்காலாகவே ஆகியிருந்தன. வெளியே புல் முளைத்து, கரை பச்சைப்பசேல் என்று இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. குரங்குகள் களிமண் உருட்டிக் கொடுத்தன. கரடி ஏறி நின்று மிதித்தது. நண்டுகளைக் கீரிப்பிள்ளை கவனித்துக்கொண்டது. அது எப்படிக் கவனித்தது என்று கேட்க வேண்டாம்.

கடைசி உருண்டை மண் விழுந்ததும் மழை கொட்டியது. மூன்று நாள் பெய்தது. அல்லிக்குளம் தளும்பத் தளும்ப நிறைந்தது. கரை அசையவில்லை.

அன்றோடு 'காயத்தைக் காட்டு' சட்டம் ஒழிந்தது. முடியவில்லை என்று சொன்னால் போதும் என்று நாரையே புதுச் சட்டம் போட்டது. மேஸ்திரி இப்போதெல்லாம் ஒரு மண்மேட்டில் உட்கார்ந்துகொண்டே கத்துகிறது. சத்தம் முன்னைவிட அதிகம்.

சுங்குடிக்கு உடம்பு சரியாகிவிட்டதா என்று கேட்கிறீர்களா? இல்லை. நல்ல நாளும் வருகிறது, பொல்லாத நாளும் வருகிறது. ஆனால் காலையில் புதருக்கு வெளியே காட்டுப்பன்றி வந்து நின்று, "இன்னைக்கு யார் ராஜ்யம்?" என்று கேட்கும். "என் ராஜ்யம்!" என்றால் இரண்டும் சேர்ந்து மேய்ச்சலுக்குப் போகும். "கால் ராஜ்யம்!" என்று பதில் வந்தால், கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு வாய் இளம்புல் இருக்கும். தேன் சாப்பிடு என்று கரடி இன்னமும் சொல்கிறது. ஆனால் இப்போது தேனையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொல்கிறது.

மறுவருஷம் குடிமராமத்து நடந்தபோது பக்கத்துக் காட்டு நரி ஒன்று அந்த வழியாக வந்தது. நாவல் மரத்தடியில் படுத்து வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சுங்குடியைக் கண்டதும் நாரையிடம் போயிற்று.

"என்ன மேஸ்திரி, எல்லாரும் மண் சுமக்கிறாங்க. அந்த மான் கரைக்குக் காவலா?"

"இல்லை," என்றது நாரை.

"பின்னே, காலில் அடியா? பார்த்தா நல்லாத்தானே இருக்கா?"

"பார்த்தா நல்லாத்தான் இருப்பா. அவ சும்மா படுத்திருக்கா. உனக்கென்ன? தாகமா இருந்தா தண்ணியைக் குடிச்சிட்டு நடையைக் கட்டு!"

கரையானாலும் சரி, காலானாலும் சரி, வெளியே விரிசல் தெரியவில்லை என்பதற்காக உள்ளே நோவு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், காயத்தைத் தேடுவதற்கு முன்னால் அவர் வார்த்தையை நம்ப வேண்டும்.